ஹார்லன் ஆறு தடவை கேட்டார்

"அவரைக் கேளுங்களேன், ஹார்லன்," என்றான் நார்ட்பி பேஸ்பால் அணியின் கேட்சர் டானி, மூன்றாவது தடவையாக.

அம்பயர் ஹார்லனுக்கு முன்னால் பந்தைப் பிடிக்கக் குந்தியிருந்தவன் எழுந்திருக்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. அம்பயரைத் திரும்பிப் பார்த்துப் பேசினால் சண்டை என்று பார்ப்பவர்கள் நினைத்துவிடுவார்கள். முன்னால் பார்த்தபடியே முணுமுணுப்பதுதான் மரியாதை.

செயின்ட் ரோமன் அணியின் மட்டைக்காரர் மட்டையைப் பாதி வீசி, பாம்பைக் கண்டவர் போல நிறுத்தியிருந்தார். ஹார்லன் "சுத்தலை" என்று சொல்லிவிட்டார். மட்டையைச் சுற்றியிருந்தால் பந்தைத் தவறவிட்டதாக மூன்றாவது ஸ்ட்ரைக், ஆள் அவுட். இந்த மாதிரிச் சந்தேகத்தில், மட்டைக்காரர் அருகே தரையில் பதித்த தட்டுக்குப் பின்னால் நிற்கும் அம்பயர், ஓடிப்போய்த் தொட வேண்டிய முதல் பேஸ் பக்கம் நிற்கும் தன் ஜோடி அம்பயரைக் கை நீட்டிக் கேட்கலாம். அங்கிருந்து பார்த்தால் பக்கவாட்டில் நன்றாகத் தெரியும். இதைக் கேட்க யாரும் வெட்கப்படுவதில்லை.

ஹார்லன் ப்ரெக்கி வெட்கப்படுவார். இருபத்தாறு வருஷமாக அவர் யாரையும் எதையும் கேட்டதில்லை.

வாரநாட்களில் அவர் எங்கள் மாவட்டத்தின் எடை, அளவு ஆய்வாளர். கறிக்கடைத் தராசு, பெட்ரோல் பம்பு, தானியக் கிடங்கின் லாரி எடைமேடை எல்லாம் அவர் வந்து தன் எடைக்கல்லை வைத்துப் பார்த்த பிறகுதான் செல்லும். எடைக்கல் யாரிடமாவது அபிப்பிராயம் கேட்குமா? ஒருமுறை மனைவி டோரீனின் தங்கை மகள் கல்யாணத்துக்குக் கிளம்பி, வேறொரு சர்ச்சுக்குள் நுழைந்து, யாரையும் கேட்காமல் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, விருந்து சாப்பிட்டு, முன்பின் தெரியாத மணமகளோடு ஒரு சுற்று நடனமும் ஆடிவிட்டு வந்தவர். ஊரில் இந்தக் கதையைப் பரப்பியவரும் அவரேதான். "கேக் நல்லா இருந்துது" என்று முடிப்பார்.

ஆனால் இன்று கம்பி வலைக்குப் பின்னால், பச்சை மடக்கு நாற்காலியில் மார்லிஸ் எங்கன் உட்கார்ந்திருந்தார். மாநிலப் போட்டிக்கு அம்பயர்களைப் பொறுக்குவதில் அவர் வார்த்தைதான் கடைசி வார்த்தை. முப்பது வருஷம் தலைமையாசிரியையாக இருந்தவர். அவர் மடியிலிருந்த நோட்டைப் பார்த்தால் அறுபது வயது ஆளுக்கும் நகம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளத் தோன்றும்.

வியாழக்கிழமை போன் செய்திருந்தார்.

"ஹார்லன், உங்களுக்கு விதியெல்லாம் அத்துப்படி. பார்வையும் நல்லா இருக்கு. அப்புறம் ஏன் உங்களை மாநிலப் போட்டிக்குக் கூப்பிடலைன்னு என்னிக்காவது யோசிச்சிருக்கீங்களா?"

"யோசிச்சிருக்கேன். உங்க ஆளுங்களுக்கு என்னைப் பிடிக்கலை."

"பிடிக்கலைங்கறது உண்மைதான். ஆனா காரணம் அது இல்லை. நீங்க ஜோடியைக் கேக்கவே மாட்டேங்கறீங்க. ஞாயித்துக்கிழமை நான் வந்து பாக்கறேன். கேட்டீங்கன்னா பட்டியல்ல உங்க பேர் வரும். இல்லைன்னா வராது."

அக்டோபரில் ஹார்லனுக்கு இரண்டு முழங்காலையும் மாற்றப் போகிறார்கள். அதன்பிறகு தட்டுக்குப் பின்னால் குனிந்து நிற்க முடியாது. இந்த ஆகஸ்டு தவறினால், மாநிலப் போட்டியை அவர் வேலிக்கு வெளியே பியர் கிளாஸோடு நின்று, உள்ளே இருக்கும் அம்பயருக்குப் புத்தி சொல்லும் கிழவர்களில் ஒருவராகத்தான் பார்க்க வேண்டும். அந்தக் கிழவர்களை ஹார்லனுக்கு நன்றாகத் தெரியும். இருபத்தாறு வருஷமாக அவருக்குத்தான் அவர்கள் புத்தி சொல்லிவந்தார்கள்.

இடதுகை மெல்ல எழுந்தது. பன்றிக்கறித் தராசின் பெரிய எடைக்கல்லைத் தூக்குவது போல இருந்தது.

"வெண்டல், சுத்தினாரா?"

பெஞ்சில் சூரியகாந்தி விதை மென்றுகொண்டிருந்தவர்களின் தாடை நின்றது. சர்ச்சுப் பெண்கள் ஆப்பிள் பை பலகாரம் விற்கும் மேஜையருகே யாரோ, "ஹார்லன் கேக்கறாரு," என்று சொன்னது தட்டுவரை கேட்டது.

வெண்டல் ஹாஸ் அம்பயராகி இரண்டாவது வருஷம். வாரநாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். பெரிய காதுகள், சின்னக் குரல். அவர் ஹார்லனின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முஷ்டியை உயர்த்தினார்.

"சுத்தினாரு."

"நான் சுத்தலையே," என்றார் மட்டைக்காரர். சண்டைபோடும் குரல் அல்ல. வேறு யாருடைய கடிதமோ தன் வீட்டுக்கு வந்துவிட்டதைச் சொல்லும் குரல். பிறகு போய் உட்கார்ந்தார்.

ஹார்லன் ஓரக்கண்ணால் பார்த்தார். மார்லிஸ் எழுதிக்கொண்டிருந்தார். பரவாயில்லை, உயிர் போகவில்லை என்று நினைத்துக்கொண்டார் ஹார்லன்.

ஆட்டத்துக்கு அரைமணி முன்பு, பிக்கப் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து காலணி மாட்டும்போது அம்பயர் ஜோடி பேசிவைத்துக்கொள்வது வழக்கம். ஹார்லனின் பேச்சு எப்போதும் ஒரே வரி: "நீ உன்னுதைப் பாரு, நான் என்னுதைப் பாக்கறேன்." இன்று இரண்டாவது வரி ஒன்று வந்திருந்தது.

"இன்னிக்கு நான் உன்னைக் கேட்டாலும் கேப்பேன்."

வெண்டலின் கையில் கயிறு அப்படியே நின்றது. "என்னையா?"

"உன்னைத்தான்."

"நீங்க யாரையும் கேக்க மாட்டீங்கன்னு சொல்வாங்களே. பயிற்சி வகுப்புல உங்களைப் பத்தி ஒரு மணி நேரம் பேசினாங்க."

"என்ன பேசினாங்க?"

"நிறையப் பேசினாங்க," என்று வெண்டல் காலணியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

மார்லிஸ் வரப்போவதை ஹார்லன் அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் ஓய்வுபெற்ற தலைமையாசிரியைக்குப் பயந்து திருந்துவதாக ஒரு பேருந்து ஓட்டுநரிடம் எப்படிச் சொல்வது? தொண்டையைச் செருமிக்கொண்டு, முடிந்தவரை கம்பீரமாகச் சொன்னார்:

"நான் ஒருத்தனைக் கேக்கறேன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். அதைப் புரிஞ்சுக்கிட்டு பதில் சொல்லு."

வெண்டல் யோசித்தார். "புரிஞ்சுது," என்றார்.

மூன்றாவது இன்னிங்ஸில் நார்ட்பி அணியின் ஆள் ஒருவர் வலது மூலைக்கு அடித்தார். வேலிக்கு அப்பால் சோளம் ஆள் உயரம் நின்றது. செயின்ட் ரோமன் தடுப்பாளர் ஓடிவந்து பாய்ந்து, புல்லில் வயிறு தேய வழுக்கி, கையுறையை உயர்த்திக் காட்டினார். ஹார்லன் முழங்கால் அனுமதித்த தூரம் ஓடிப்போய்ப் பார்த்து, "பிடிச்சாச்சு, அவுட்," என்றார்.

நார்ட்பியின் மேனேஜர் டேல் ஃபாஸ் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்து வந்தார். இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறவர். எங்கள் பக்கத்தில் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். கை பைக்குள் இருக்கும்வரை பயமில்லை.

"நல்ல வெயில் இல்ல?" என்றார் டேல்.

"ஆமா. நல்ல வெயில்."

"சோளத்துக்கு நல்லது."

"நல்லதுதான்."

"பந்து தரையில பட்டிருக்குமோன்னு எங்க பசங்க பேசிக்கறாங்க. எனக்கு ஒண்ணும் இல்லை. ஆனா மொதல்ல ஒரு தடவை அவரைக் கேட்டீங்க பாருங்க, ரொம்ப அழகா இருந்துது."

வலைக்குப் பின்னால் பென்சில் தயாராக நின்றது. ஹார்லன் மைதானத்தின் நடுவுக்குப் போனார். வெண்டலும் வந்தார். இருவரும் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். இந்தப் பேச்சு மற்றவர் காதில் விழக்கூடாது என்பது வழக்கம்.

"நான் பிடிச்சாச்சுன்னு சொன்னேன். நீ என்ன பாத்தே?"

"பிடிச்சாச்சுன்னு சொன்னீங்க," என்றார் வெண்டல் மெதுவாக.

"ஆமா."

"இப்பக் கேக்கறீங்க."

"ஆமாய்யா, கேக்கறேன்."

வெண்டல் தொப்பியைக் கழற்றி அதற்குள் பார்த்தார். பதில் அங்கே எழுதியிருக்கவில்லை போலும், மறுபடி போட்டுக்கொண்டார். "தரையில பட்டுது."

ஹார்லனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் திரும்பி நடந்து, கைகளை அகல விரித்து, "பிடிக்கலை," என்று முந்நூறு பேர் முன்னால் சொன்னார். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு பெஞ்சில் சாய்ந்திருந்த மட்டைக்காரரை முதல் பேஸுக்குப் போகச் சொன்னார்கள். "என்னையா?" என்று அவர் இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் போனார். மூலையில் தடுப்பாளர் இன்னும் பந்தை உயர்த்திப் பிடித்தபடி நின்றார்.

இப்போது செயின்ட் ரோமனின் மேனேஜர் லியோ வீபர் வந்தார். நாற்பது பசு வைத்திருக்கும் பொறுமைசாலி.

"ஹார்லன், டோரீன் சௌக்கியமா?"

"சௌக்கியம்."

"நீ?"

"எனக்கென்ன?"

"இல்லை, கேட்டேன். இருபது வருஷமா உன்கிட்டக் கெஞ்சியிருக்கேன், ஒரே ஒரு தடவை ஜோடியைக் கேளுய்யான்னு. இன்னிக்கு ரெண்டு தடவை கேட்டே. ரெண்டும் என் தலையிலதானா?"

அந்த இன்னிங்ஸில் நார்ட்பி இரண்டு ரன் எடுத்தது. மார்லிஸ் ஒரு பக்கத்தைத் திருப்பினார்.

ஹார்லன் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். கேட்பதில் கோளாறு இல்லை. தீர்ப்பைச் சொல்லிவிட்டு அப்புறம் கேட்பதில்தான் கோளாறு. வாயைத் திறக்காமல் முதலிலேயே கேட்டுவிட்டால் மாற்றவே வேண்டியதில்லை. இவ்வளவு எளிமையான விஷயம் இருபத்தாறு வருஷமாகத் தனக்குத் தோன்றவில்லையே என்று கொஞ்சம் சிரித்தும்கொண்டார்.

ஐந்தாவது இன்னிங்ஸில் அதற்கு வாய்ப்பு வந்தது. நார்ட்பியின் மட்டைக்காரர் அடித்த பந்து நேரே கீழே இறங்கி, அவர் கால் பக்கம் எங்கோ மோதி, பந்தெறியும் பிட்சரிடம் உருண்டது. காலில் பட்டிருந்தால் அது கணக்கில் இல்லை, மறுபடி ஆடலாம். படவில்லை என்றால் ஓட வேண்டும். ஹார்லனுக்கும் பந்துக்கும் நடுவே செயின்ட் ரோமன் கேட்சரின் தலை. அவர் வாயை இறுக மூடிக்கொண்டு வெண்டலைப் பார்த்தார்.

மட்டைக்காரர் ஒற்றைக் காலில் குதித்தார். பிட்சர் எதற்கும் இருக்கட்டும் என்று முதல் பேஸுக்கு எறிந்தார். மூன்றாவது பேஸில் நின்றவர் பாதி தூரம் ஓடிவந்தார், திரும்பினார், அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகம் வந்தவர் போல மறுபடி பாதி தூரம் வந்தார்.

"வெண்டல், கால்ல பட்டுதா?"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலை."

"சொல்லுங்களேன்."

"எனக்குச் சரியாத் தெரியலைன்னுதானே உன்னைக் கேக்கறேன்."

"இல்லை, மொதல்ல நீங்க சொல்லுங்க. அப்புறம் நான் சொல்றேன்." கேள்வித்தாளே தராமல் விடை எழுதச் சொன்னதுபோல வெண்டலின் நெற்றி வியர்த்திருந்தது.

"சரி. பட்டுதுன்னு வெச்சுக்கோ."

வெண்டலின் முகத்தில் நிம்மதி படர்ந்தது. "படலை," என்றார்.

ஹார்லன் திரும்பிப் பார்த்தார். மட்டைக்காரர் தரையில் உட்கார்ந்து காலணியைக் கழற்றி, காலுறையையும் கழற்றியிருந்தார். கட்டைவிரல் பீட்ரூட் நிறத்தில் இருந்தது.

"வெண்டல், அவன் விரல் வீங்கியிருக்கே."

"வேற எங்கயாவது இடிச்சிருக்கலாம்."

"எங்க?"

"வீட்ல," என்றார் வெண்டல், நிலத்தைப் பார்த்து.

ஹார்லன் மட்டைக்காரரை அவுட் என்றார். டேல் ஃபாஸின் கைகள் பையிலிருந்து வெளியே வந்தன. 1998-க்குப் பிறகு யாரும் அதைப் பார்த்ததில்லை.

அடுத்த இன்னிங்ஸ் முழுக்க ஹார்லன் முகமூடிக்குள் தனியாக இருந்தார். மூன்று கேள்வி. மூன்றிலும் தான் சொன்னது தவறு. ஒன்று என்றால் வெயில், இரண்டு என்றால் வயது, மூன்று என்றால்? ஊர்த் தராசையெல்லாம் சோதிக்கிறவனின் எடைக்கல்லே குறைவா? வருஷத்துக்கு நாற்பது ஆட்டம், இருபத்தாறு வருஷம் என்று மனசு பெருக்க ஆரம்பித்தது. அவர் நிறுத்தவில்லை. 2003-இல் முடிவெட்டும் வெர்னின் தம்பியைக் கடைசிப் பந்தில் அவுட் கொடுத்தார். அன்றிலிருந்து வெர்ன் அவருக்கு இடதுபக்கம் மட்டும் கால் அங்குலம் குறைத்தே வெட்டுகிறார். இருபது வருஷத்துக்கும் மேலாக அதை அநியாயம் என்று நினைத்திருந்தார். இன்று முதல் தடவையாக, கால் அங்குலம் குறைவான தண்டனையோ என்று தோன்றியது.

அதற்குள் கூட்டத்துக்கும் விஷயம் பிடிபட்டுவிட்டது. எங்கள் ஊர்க் கூட்டம் கத்தாது, ஆனால் உதவி செய்யும்.

"கேட்டுடுங்க, ஹார்லன்," என்றது பை மேஜை.

"பெரியவரே, தயங்காதீங்க. அவரு சும்மாதானே நிக்கறாரு," என்றது பியர் வரிசை.

"என்னையும் கேக்கலாம், எனக்கு இங்கேருந்து நல்லாத் தெரியுது," என்றார் டிராக்டர் நிறுத்துமிடத்திலிருந்து ஒருவர். அவர் டிராக்டருக்கு அந்தப் பக்கம் நின்றார்.

ஏழாவது இன்னிங்ஸில் ஒரு பந்து தட்டின் ஓரத்துக்கு நேர்மேலாக வந்தது; அப்படி வந்தால் மட்டை வீசாவிட்டாலும் ஸ்ட்ரைக். ஸ்ட்ரைக் என்று ஹார்லனின் கை உயர்ந்தது. பாதி வழியில் நின்றது. பந்து எங்கே வந்தது என்பதை மட்டும் எந்த அம்பயரும் ஜோடியைக் கேட்பதில்லை. அதற்காகத்தான் ஒருவர் தட்டுக்குப் பின்னாலேயே நிற்கிறார். எண்பதடிக்கு அப்பால் பக்கவாட்டில் நிற்பவருக்கு எதுவும் தெரியாது.

"ஸ்ட்ரைக்குன்னு நினைக்கறேன். வெண்டல்?"

டானி அன்று முதல் தடவையாகத் திரும்பி அவரைப் பார்த்தான்.

"இல்லை," என்று தூரத்திலிருந்து வெண்டலின் சின்னக் குரல் வந்தது.

"ஹார்லன்," என்றான் டானி மிக மென்மையாக, "அது ஸ்ட்ரைக்குன்னு எங்கம்மாகூடச் சொல்வாங்க. அவங்க இங்க முதுகைக் காட்டிக்கிட்டு பை வெட்டிக்கிட்டு இருக்காங்க."

இரண்டு பந்து கழித்து ஹார்லன் கையிலிருந்த எண்ணும் கருவியைப் பார்த்தார். இரண்டு அவுட் என்றது அது. அது சொல்வதை நம்ப அவர் யார்?

"வெண்டல், ரெண்டு அவுட்தானே?"

வெண்டல் வெகுநேரம் யோசித்தார். "மூணு."

மூன்று அவுட் என்றால் மற்ற அணியின் முறை; நார்ட்பி ஆட்கள் சந்தோஷமாக மைதானத்தை விட்டு நடக்க ஆரம்பித்தார்கள். பாதி பேர் பெஞ்சுக்கே போய்விட்டார்கள். ஒலிபெருக்கி கரகரத்தது: "ரெண்டுதாங்க. ரெண்டு. எல்லாரும் தயவுசெஞ்சு திரும்பிப் போங்க."

"எனக்கும் ரெண்டுன்னுதான் ஞாபகம்," என்று வெண்டல் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டார். "நீங்க கேட்டதும் சந்தேகம் வந்துடுச்சு."

மார்லிஸ் பென்சிலைச் சீவிக்கொண்டார்.

ஒன்பதாவது இன்னிங்ஸ். நார்ட்பி ஐந்து, செயின்ட் ரோமன் நாலு, இரண்டு அவுட். செயின்ட் ரோமன் ஆள் இரண்டாவது பேஸில் நிற்க, பந்து இடதுபக்கம் பறந்தது. அவர் மூன்றாவது பேஸைச் சுற்றி வந்தார். பந்துள்ள கையுறை மேலே படுமுன் தட்டைத் தொட்டால் ஒரு ரன், ஆட்டம் சமம். பந்தும் வந்தது. டானி பந்தைப் பிடித்துத் திரும்பினான். ஓடிவந்தவர் தலைகுப்புறப் பாய்ந்தார். புழுதி எழுந்தது.

ஹார்லன் இரண்டு அடி தூரத்தில் குனிந்து நின்றார். இடதுகையின் மூன்று விரல் தட்டைத் தொட்டதைப் பார்த்தார். அப்புறம்தான் டானியின் கையுறை தோளில் விழுந்தது. தேங்காய் உடைத்ததுபோலத் தெளிவாக இருந்தது.

"சேஃப்."

வயிற்றிலிருந்து வந்த குரல். காலையிலிருந்து காணாமல் போயிருந்த அவருடைய சொந்தக் குரல். மாநிலப் போட்டி எல்லாம் மறந்துபோய், ஒரு கணம் அவர் மறுபடி எடைக்கல்லாக இருந்தார்.

டேல் ஃபாஸ் வந்தார். கைகள் பைக்குள்.

"வெயில் நல்லாத்தான் இருக்கு, டேல்," என்று ஹார்லன் முந்திக்கொண்டார். "நான் பாத்தேன். விரல் மொதல்ல, கையுறை அப்புறம்."

"நீங்க பாத்தீங்க. அதை யாரு இல்லைன்னா?" என்றார் டேல். "ஆனா இன்னிக்கு நீங்க பாத்தது எதுவுமே..." மேலே சொல்வது மரியாதையில்லை என்று நிறுத்திக்கொண்டார்.

அந்தப் பாதி வாக்கியம் ஹார்லனைச் சாய்த்துவிட்டது. இவ்வளவு பக்கத்தில் நின்றவன் கேட்கக்கூடாது என்பதுதான் விதி. ஜோடிக்குத் தன்னைவிட நன்றாகத் தெரிந்தால் மட்டுமே கேட்க வேண்டும். ஆனால் இன்று தன் பெயர்கூட வெண்டலுக்குத்தான் தன்னைவிட நன்றாகத் தெரியும் என்று தோன்றியது. வலைக்குப் பின்னால் பென்சில் அந்தரத்தில் நின்றது. அவர் நடந்தார்.

"வெண்டல், நான் ரெண்டடியில நின்னேன். சேஃப்னு எனக்கு நல்லாத் தெரிஞ்சுது."

"சரி."

"இருந்தாலும் கேக்கறேன்."

வெண்டல் கண்ணை மூடித் திறந்தார். துக்கம் சொல்பவரின் குரலில், "அவுட், ஹார்லன்," என்றார்.

ஹார்லன் திரும்பி வந்து முஷ்டியை உயர்த்தினார். ஆட்டம் முடிந்தது. ஓடிவந்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. "என் கை இன்னும் இது மேலதாங்க இருக்கு," என்றார், தட்டைக் காட்டி.

டானி முகமூடியைக் கழற்றினான். "தேங்க்ஸ்," என்றான், எதற்கு என்று தெரியாதவனாக, கண்ணைப் பார்க்காமல்.

லியோ வீபர் மிகப் பக்கத்தில் வந்து, மிகத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "வீட்டுக்குப் போயி ஃபேனைப் போட்டுக்கிட்டுப் படு, ஹார்லன். டோரீன்கிட்ட நான் போன்ல சொல்லிக்கறேன்."

மார்லிஸ் நாற்காலியை மடித்துக்கொண்டிருந்தார். ஹார்லன் முகமூடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பரீட்சை முடிவுக்கு வந்தவர் போல நின்றார்.

"ஆறு தடவை கேட்டீங்க," என்றார் மார்லிஸ்.

"நான் எண்ணலை."

"எண்ணலைன்னு பாத்தாலே தெரிஞ்சுது. மூணு நியாயமானது. பந்து ஸ்ட்ரைக்கான்னு கேட்டது அபத்தம். கடைசில தட்டுல நடந்ததைக் கேட்டிருக்கவே கூடாது. எத்தனை அவுட்னு கேட்டதை நான் எழுதலை. டோரீனை எனக்குப் பிடிக்கும்."

"அப்போ என் பேரு..."

"எது சரி, எது தப்புன்னு வலைக்குப் பின்னால உக்காந்து எனக்குத் தெரியாது. அதைப் பாக்கவும் நான் வரலை. எல்லாத்தையும் சரியாச் சொல்ற அம்பயர் எங்கிட்ட நிறையப் பேர் இருக்காங்க. ஊரே பாக்க, தான் சொன்னதைத் தானே தப்புன்னு மாத்தற ஆளை முப்பது வருஷத்துல இப்பத்தான் பாக்கறேன். ஆகஸ்டு மூணாவது சனிக்கிழமை. தட்டுக்குப் பின்னால நீங்க."

ஹார்லன் தலையை ஆட்டினார்.

"பேஸுக்கு வெண்டலைப் போட்டிருக்கேன்," என்றார் மார்லிஸ், பை மேஜையை நோக்கி நடந்தபடி. "உங்க ரெண்டு பேருக்கும் அப்படி ஒரு பொருத்தம்."

பிக்கப் வண்டியின் பின்பலகையில் வெண்டல் காலணிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஹார்லன் இரண்டு பன்றிக்கறி சாசேஜ் ரொட்டியும் இரண்டு பியரும் வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சாசேஜ் வாங்குமிடத்தில் யாரும் அவரோடு பேசவில்லை. வரிசையில் முன்னால் விட்டார்கள், அவ்வளவுதான். எங்கள் ஊரில் அது சாபம்.

"வெண்டல், உனக்கு நான் நன்றி சொல்லணும். எனக்குப் பழக்கமில்லாத வார்த்தை, அதனால ஒரு தடவைதான் சொல்வேன். நன்றி."

"பரவாயில்லைங்க."

"பரவாயில்லை இல்லை. இருபத்தாறு வருஷமா கடவுளுக்கு அடுத்து நான்தான்னு தட்டுக்குப் பின்னால நின்னிருக்கேன். இன்னிக்கு நீ மட்டும் இல்லைன்னா அஞ்சு முடிவு தப்பாப் போயிருக்கும். இன்னும் என்னென்ன தப்பு பண்ணியிருப்பேனோ. நாளைக்கு வெர்ன் கடைக்குப் போயி மன்னிப்புக் கேக்கப் போறேன். இடதுபக்கம் இனிமே அவர் இஷ்டம்."

சொல்லிவிட்டு ஹார்லன் சாசேஜைக் கடித்தார். தவறு செய்கிறவனாக இருப்பது இவ்வளவு சுகமா என்று ஆச்சரியமாக இருந்தது. சட்டையை இரண்டு பித்தான் தளர்த்திக்கொண்ட மாதிரி இருந்தது.

வெண்டல் சாப்பிடவில்லை.

"ஹார்லன், உங்களை ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு. இன்னிக்குக் கேக்கற நாள்தானே."

"தப்புன்னு தெரிஞ்சும் ஏன் ஒவ்வொரு தடவையும் மொதல்ல அப்படிச் சொன்னீங்க?"

"தப்புன்னு எனக்கு எங்கய்யா தெரிஞ்சுது? நீ சொல்லித்தானே தெரிஞ்சுது."

வெண்டல் பியர் கிளாஸைப் பலகைமேல் மெதுவாக வைத்தார். பெரிய காதுகள் இரண்டும் மெல்லச் சிவந்தன.

"எனக்கு ஆறும் நீங்க மொதல்ல சொன்ன மாதிரியேதான் தெரிஞ்சுது, ஹார்லன், ஆனா இருபத்தாறு வருஷமா யாரையும் கேக்காத மனுஷன் என்னைப் போயிக் கேக்கறாருன்னா, தப்பாச் சொல்லிட்டோம்னு அவருக்கே தெரிஞ்சு, மாத்திச் சொல்ல ஒரு ஆள் தேடறாருன்னுதான் நினைச்சேன்."